பார்க்கவில்லை என்றால் இல்லையா?

காரவள்ளியிலிருந்து வாசலூர்பட்டிக்குப் போக 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். பதினைந்து வயதான கார் ஒன்று அந்த ஏற்றத்தில் பாதியில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை மணி நேரம் ஆறவிட்டால், எதுவுமே நடக்காததுபோல் கிளம்பும். கீழே பட்டறைக்குக் கொண்டுபோனால் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகும். "வண்டி நல்லாத்தானே இருக்கு" என்பார் மெக்கானிக். ஓட்டியவர் பெண் என்றால் பேச்சு அதோடு முடியாது. "கிளட்ச்ல கால வச்சுக்கிட்டே ஓட்டுனீங்களா மேடம்?" பிறகு, "சார எடுத்துட்டு வரச் சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

'நான் பார்க்கவில்லை' என்பது ஒரு வாக்கியம். 'அது இல்லை' என்பது வேறு வாக்கியம். முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தாவ யாருக்கு, எப்போது உரிமை உண்டு?

நம் மரபு இதை யோசித்திருக்கிறது. மணிமேகலையில் அளவைவாதி அடுக்கும் அளவைகளில் அபாவமும் ஒன்று. இல்லாமையை அறியும் வழி அது. இந்தியத் தருக்க மரபு அதற்கொரு நிபந்தனை வைத்தது: இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்ற சூழலில் மட்டுமே, காணாததை வைத்து இல்லை என்று சொல்லலாம். இருட்டறையில் பானை தென்படவில்லை என்பதால் பானை இல்லை என்று ஆகிவிடாது. சமதரையில் குளிர்ந்து நிற்கும் எஞ்சின், மலையேற்றக் கோளாறுக்கு இருட்டறைதான்.

இப்படிப்பட்ட கோளாறுக்கு ஒரு காரணம் கிராங்க்‌ஷாஃப்ட் சென்சாராக இருக்கலாம். எஞ்சின் சுழற்சியைக் கணினிக்குச் சொல்வது அது. பழசானால் சூட்டில் அதன் உள்ளிணைப்பு விட்டுப்போகும். தகவல் வராததால் கணினி தீப்பொறியை நிறுத்தும்; வண்டி நிற்கும். ஆறினால் இணைப்பு மீண்டும் கூடும். கணினியில் பிழைக்குறியீடு பதிவாகாமலும் போகலாம். கண்டுபிடிக்க இரண்டு வழிகள்: சென்சாரைச் சூடாக்கி மல்டிமீட்டரால் அளக்கலாம், அல்லது ஸ்கேனரை மாட்டிக்கொண்டு அதே மலையில் ஏறிப் பார்க்கலாம். எரிபொருள் பம்பும் இக்னிஷன் காயிலும்கூட இதே நாடகத்தை ஆடும். எதுவாயினும், தொடங்க வேண்டிய இடம் ஓட்டியவளின் சொல்: எத்தனையாவது வளைவு, எவ்வளவு சூடு, திணறி நின்றதா, சட்டென்று அணைந்ததா?

அவள் சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்க வேண்டுமா? இல்லை. 'பம்ப் போய்விட்டது' என்று அவள் சொன்னால் அது ஊகம், சோதிக்கலாம், மறுக்கலாம். 'வண்டி நின்றது' என்பது நிகழ்வு. அதற்குச் சாட்சி அவள். காரணத்தில் தவறக்கூடியவள் என்பதற்காக நிகழ்வையே பறித்துக்கொள்வதுதான் அநீதி. கேட்பவரின் முன்முடிவால் சொல்பவரின் சொல் மதிப்பிழப்பதை, 2007இல் வெளிவந்த நூலில் மிராண்டா ஃபிரிக்கர் சாட்சிய அநீதி என்றார்.

வஞ்சியில் சமயவாதிகளின் உரையைக் கேட்க மணிமேகலை மாதவன் வடிவெடுத்தே போகிறாள். இளம்பெண்ணுக்கு அவர்கள் பொருளுரைக்க மாட்டார்கள் என்று தெய்வம் முன்பே சொல்லியிருந்தது. அன்று கேட்பதற்கு ஆண் வேடம் வேண்டியிருந்தது. 'சார வரச் சொல்லுங்க' என்பவர் இன்று சொல்வதற்கும் அதே வேடத்தைத்தான் கேட்கிறார்.

காரில் போவது பணமும் ஒரு பிற்பகலும். உடம்பில் அப்படியல்ல. விட்டுவிட்டு வரும் படபடப்போடு வாசலூர்பட்டியிலிருந்து ஒரு பெண் நாமக்கல்லுக்கு இறங்கி வருவதற்குள் நெஞ்சு அடங்கியிருக்கும். சில நொடி எடுக்கும் இ.சி.ஜி.யில் எல்லாம் சரி. 'மனக்கவலைதாம்மா' என்று அனுப்பிவிடுவது எளிது. நார்மன் ஹோல்டர் உருவாக்கிய கருவி இதற்கு மாற்று: மார்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்; ஒரு நாள், அதற்கு மேலும், இதயத்தைப் பதிவுசெய்யும். கோளாறு பரிசோதனை அறைக்கு வரவில்லையா, பரிசோதனை அவளோடு மலையேறட்டும்.

1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் இரு மகன்களோடு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் காரில் போனார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். மேடுகளில் வண்டியைத் தள்ள வேண்டியிருந்தது. திரும்பி வந்து அதைச் சொன்னார். ஏற்றத்துக்கென்று இன்னொரு கியர் சேர்ந்தது. அந்த மேடுகள் கணவரின் பட்டறையில் இல்லை. ஓட்டியவளின் சொல் வழியாகத்தான் அங்கே வந்து சேர்ந்தன.

வளைவின் எண்ணையும் நேரத்தையும் நாம் குறித்துவைக்கலாம், நல்லதுதான். ஆனால் நம்பப்படுவதற்கான முழு உழைப்பும் நம்முடையதல்ல. 'நான் பார்க்கவில்லை, எப்போது, எங்கே நடந்தது, சொல்லுங்கள்' என்று கேட்பது எதிரில் இருப்பவரின் கடமை.