புல்டாக் குட்டியும் வாங்குபவர் பொறுப்பும்

புல்டாக் குட்டி வளர்ப்பவருக்குத் தினமும் ஒரு வேலை காத்திருக்கும். முகத்து மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து, ஈரத் துணியால் துடைத்து, பிறகு ஈரம் தங்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் மடிப்புக்குள் புண் வைத்துவிடும். வெயில் ஏறுவதற்குள் நடக்கக் கூட்டிப்போய்த் திரும்பிவிட வேண்டும். எடை கூடினால் மூச்சு முட்டும் என்பதால் தீனியை அளந்து வைக்க வேண்டும். இத்தனையையும் முகம் சுளிக்காமல் செய்பவரிடம் இருப்பது அன்புதான். ஆனால் அறம் எழுப்பும் கேள்வி அந்த அன்புக்கு முந்தியது: இந்தத் தொல்லைகள் வரும் என்று தெரிந்தே ஓர் உயிரைப் பிறப்பிக்கலாமா, அதற்குப் பணம் கொடுக்கலாமா? கூடாது என்பதே என் வாதம்.

இந்த உடலை இப்படி ஆக்கியது மனித ரசனை. இங்கிலாந்தில் காளையோடு மோதவிடப்பட்ட நாய்களின் வழிவந்தது புல்டாக். 1835-இல் சட்டம் அந்த விளையாட்டைத் தடை செய்தது. பிறகு கண்காட்சிகளுக்காகத் தோற்றத்தை மட்டும் பார்த்து இணைசேர்த்ததில், தலை பெருத்தது, மூக்கு குறுகியது. மண்டையோடு சுருங்கிய அளவுக்கு உள்ளே இருக்கும் சதை சுருங்கவில்லை. நீண்டு தொங்கும் மென்னண்ணம் (வாயின் மேற்கூரையின் மென்மையான பின்பகுதி) மூச்சு போகும் வழியை அடைக்கிறது. நாய் உடல் சூட்டைத் தணிப்பதே பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான். எனவே இந்த நாய்க்குக் கோடை உயிராபத்து. பிரசவமும் எளிதல்ல: பிரிட்டனில் 2010-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, புல்டாக் ஈற்றுகளில் சுமார் 86 விழுக்காடு சிசேரியன். சில குட்டிகள் பொம்மையைக் கவ்வியபடியே தூங்கும். அழகு என்று படம் பிடிக்கிறோம். வாய் திறந்திருந்தால்தான் மூச்சு ஓடும் என்பதால் குட்டி கண்டுகொண்ட வழியாகவும் அது இருக்கலாம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இப்படி இணைசேர்க்காவிட்டால் இந்தக் குட்டியே இருந்திருக்காது. இல்லாமலே போவதைவிடக் குறையோடு வாழ்வது மேல் அல்லவா? இந்த வகைச் சிக்கலைத் தத்துவ அறிஞர் டெரக் பார்ஃபிட் 1984-இல் விரிவாக ஆராய்ந்தார். என் பதில் இது: பிறக்காத உயிர் எங்கோ வரிசையில் நின்று தன் வாய்ப்பை இழப்பதில்லை. பிறப்பிக்காமல் விட்டால் ஏமாற்றமடைய யாருமில்லை. பிறப்பித்தால் மூச்சுத் திணறலை அனுபவிக்க ஓர் உயிர் இருக்கிறது. மேலும், அந்த மறுப்பை ஏற்றால், சாவைவிடக் கொடியதாகாத எந்த ஊனத்தையும் விரும்பி உருவாக்கலாம் என்றாகிவிடும். அதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஏற்கெனவே பிறந்துவிட்ட குட்டி என்ன பாவம் செய்தது, அதை யாராவது வளர்க்க வேண்டாமா என்று கேட்கலாம். வளர்க்கத்தான் வேண்டும். கைவிடப்பட்ட புல்டாக்கை வீட்டுக்கு அழைத்து வருவது கருணை. விற்பவரிடம் விலை கொடுப்பது வேறு. அந்தப் பணம் அடுத்த ஈற்றுக்கான முன்பணமாகிறது. வாங்குவோர் இல்லையென்றால் விற்போரும் இல்லை என்ற நியாயத்தைப் புலாலைப் பற்றித் திருக்குறள் சொல்லியிருக்கிறது. அது இங்கும் பொருந்தும். வாங்கிய பிறகு காட்டும் அன்பு எத்தனை உண்மையாக இருந்தாலும், வாங்கியதில் இருக்கும் பங்கை அது கழித்துவிடாது.

அப்படியானால் ஓர் இனமே அழிந்துவிடாதா? அழிய வேண்டியதில்லை; மூக்கு நீண்டவற்றை இணைசேர்த்தால் போதும். நெதர்லாந்தில், மூக்கின் நீளம் தலையோட்டு நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்த நாய்களை இணைசேர்க்க விடுவதில்லை. நார்வேயில் ஆஸ்லோ மாவட்ட நீதிமன்றம் 2022-இல் புல்டாக் இனப்பெருக்கத்துக்கே தடை விதித்தது. மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. சட்டம் தயங்கினாலும் வாங்குபவர் தயங்க வேண்டியதில்லை. தாய் தந்தை இரண்டையும் நடக்கவிட்டு, மூச்சு எப்படி ஓடுகிறது என்று பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும். திணறினால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அப்படித் திரும்புவோர் பெருகினால், விற்பவர்களே நீண்ட மூக்குள்ள நாய்களைத் தேடிப் போவார்கள்.