வென்றால் தள்ளிப்போகும் வீடு

வட இத்தாலியில் பிரெஷா நகரத்துக்குப் பக்கத்தில் மோன்டிகியாரி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள பெரிய உள்விளையாட்டு அரங்கின் பெயர் பாலாஜார்ஜ். அந்த ஜார்ஜ் இத்தாலியர் அல்லர். கேரளத்தில், கண்ணூர் மாவட்டத்துப் பேராவூரில் 1955 மார்ச் 8 அன்று பிறந்த ஜிம்மி ஜார்ஜ். பிழைப்புக்காகப் பந்து ஆடப் போன ஒருவரின் பெயரை அந்த ஊர் தன் அரங்குக்கே சூட்டிக்கொண்டது.

எங்கள் வெள்ளகோவிலில் வெயில் தாழ்ந்த பிறகு இரண்டு கம்பங்களுக்கு நடுவே வலை கட்டி வாலிபால் ஆடும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெயர் என் நினைவுக்கு வரும். எங்கோ தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். "லிஃப்ட் கொடுடா" என்று ஒருவன் கத்துவான். இருட்டி, பந்து கண்ணுக்குத் தெரியாமல் போனதும் ஆட்டம் முடியும். அடுத்த பத்து நிமிடத்தில் அவரவர் வீட்டில் சோறு. அயல்நாட்டில் சம்பளத்துக்கு ஆடுகிறவனுக்கு வாய்க்காதது அந்தப் பத்து நிமிடம்தான்.

ஜிம்மி ஜார்ஜ் வீட்டில் எட்டு அண்ணன் தம்பிகள். எட்டுப் பேரும் வாலிபால் ஆடுகிறவர்கள். வீட்டிலேயே ஓர் அணியும் மிச்சத்துக்கு இரண்டு பேரும் இருந்த குடும்பம் அது. ஜிம்மி மருத்துவப் படிப்பைப் பந்துக்காக விட்டார். 21 வயதில், 1976-ல், அர்ஜுனா விருது பெற்றார். 1979-ல் அபுதாபிக்குப் போனார். 1982-ல் இத்தாலியின் ட்ரெவிசோ அணிக்குப் போனார். நடுவில் நாட்டுக்காக ஆட வந்தார். 1986-ல் சியோல் ஆசிய விளையாட்டில் இந்தியா வெண்கலம் வென்றபோது அந்த அணியில் அவர் இருந்தார். அதற்குப் பின் ஆசிய விளையாட்டில் இந்திய வாலிபாலுக்கு இன்னொரு பதக்கம் கிடைக்கவில்லை. 1987 நவம்பர் 30 அன்று இத்தாலியில் ஒரு கார் விபத்தில் அவர் இறந்தார். வயது 32.

ஐரோப்பாவில் வாலிபால் பருவம் பொதுவாக அக்டோபரில் தொடங்கும். லீக் ஆட்டங்கள் முடிந்து, மேலிடங்களில் நிற்கும் அணிகள் மட்டும் மோதிக்கொள்ளும் பிளே-ஆஃப் வரும்போது பங்குனியோ சித்திரையோ ஆகியிருக்கும். இங்கே மாரியம்மனுக்குக் கம்பம் நட்டிருப்பார்கள். அங்கே அயல்நாட்டிலிருந்து ஆட வந்தவனுக்கு வெறும் கட்டில், ஐஸ் கட்டிய முழங்கால், மூன்று நாளைக்கு ஒரு ஆட்டம். மூன்றில் இரண்டு, ஐந்தில் மூன்று வெல்ல வேண்டும் என்று கணக்கு. ஒரு தொடரில் தோற்றால் அன்றோடு பருவம் முடிந்தது. பெட்டியைக் கட்டி ஊருக்குக் கிளம்பலாம்.

இதில் ஒரு விசித்திரமான வலி இருக்கிறது. ஆறு மாதமாக அம்மா முகம் பார்க்காதவன் அவன். இன்று தோற்றால் இந்த வாரமே வீடு. வென்றால் வீடு இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போகும். அதைத் தெரிந்துகொண்டேதான் 2.43 மீட்டர் உயர வலைக்கு மேலே எழும்புகிறான். முழு பலத்தோடு அடிக்கிறான். புள்ளி விழுகிறது. அரங்கம் எழுந்து கத்துகிறது. கைதட்டுகிறவர்கள் யாருக்கும் தெரியாது, அந்த ஒவ்வொரு புள்ளியிலும் அவன் தன் வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைக்கிறான் என்பது.

சம்பளம் வாங்குகிறானே என்று கேட்கலாம். வாங்குகிறான். ஆட்டத்துக்குக் கூலி உண்டு. தள்ளிவைத்த வீட்டுக்குக் கூலி எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படுவதில்லை. அந்தக் கடன் அவன் ஆடிய ஊரின் பெயரில் நிற்கிறது. மோன்டிகியாரி அதை உணர்ந்திருக்க வேண்டும். இனி ஒரு புள்ளிகூட எடுத்துத் தரமுடியாத ஒருவரின் பெயரை ஓர் ஊர் வேறு எதற்காக வைத்துக்கொள்ளும்?

ட்ரெவிசோ என்ற பெயரைப் படித்ததும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இன்னொன்று தட்டுப்படும். அது பின்னலாடைச் சீமை. 1965-ல் பெனட்டன் நிறுவனம் தொடங்கப்பட்டது ட்ரெவிசோவை ஒட்டிய போன்சானோவில். ஆக, ஜிம்மி ஜார்ஜ் போய் இறங்கியது இத்தாலியின் ஒரு திருப்பூரில். இந்த ஆட்டம் பிறந்த இடமும் ஓர் ஆலை ஊர்தான். 1895-ல் வில்லியம் மார்கன் இதை உருவாக்கியது அமெரிக்காவின் ஹோலியோக்கில். காகித ஆலைகளும் பஞ்சாலைகளும், அவற்றில் வேலை தேடி வந்தவர்களும் நிறைந்த ஊர் அது. ஒய்.எம்.சி.ஏ. வழியாக இந்த ஆட்டம் உலகம் சுற்றியது. 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்த ஆசிரியர்கள் பள்ளி மைதானங்களுக்கு விளையாட்டுகளைக் கொண்டுபோனார்கள். நம் ஊர் ஆட்டம் என்று நாம் நினைப்பதே கடல் தாண்டி வந்து நம் மண்ணில் வேர் பிடித்ததுதான்.

அந்த ஆட்டத்தின் விதியைக் கவனியுங்கள். பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. ஒருவர் தொடர்ந்து இரண்டு முறை தொடக் கூடாது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் பக்கத்தில் இருப்பவன் தூக்கிக் கொடுக்காமல் அவனால் அடிக்க முடியாது. மலையாளம் பேசும் ஒருவன் காற்றில் எழும்பும்போது, இத்தாலி மொழி பேசும் லிஃப்டர் அவன் கைக்கு நேராகப் பந்தை வைக்க வேண்டும். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் இல்லாமல் இருக்கலாம். பந்து வரும் என்று நம்பி முன்கூட்டியே எழும்பியாக வேண்டும். அங்கே நம்பிக்கைதான் முதல் மொழி. மற்ற மொழியெல்லாம் பிறகு வரும்.

இப்போது காங்கயம் வழியாகத் திருப்பூர் போகும் பேருந்தில் ஏறிப் பாருங்கள். ஒரு காலத்தில் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனிக்கு ஆட்கள் வந்தார்கள். இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வருகிறார்கள். வெள்ளகோவில் சுற்றுவட்டாரத்து நூற்பாலைகளிலும் தறிக்குடோன்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். ஷிப்மென்ட் நெருங்கும் நாட்களைப் பார்த்தவர்களுக்குப் பிளே-ஆஃப் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இரவு பகல் தெரியாத ஓவர்டைம். ஊரில் தங்கைக்குக் கல்யாணம் இருக்கும், அறுவடை இருக்கும், சட் பூஜை இருக்கும். ஆர்டர் நன்றாக வந்தால் முதலாளிக்கு மகிழ்ச்சி, ஊருக்கு வருமானம். அந்தப் பையனுக்கு ரயில் டிக்கெட் இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போகும். தானும் சேர்ந்து உழைத்துத்தான் அதைத் தள்ளிவைக்கிறான். அவனுக்குக் கைதட்ட அரங்கம் கிடையாது.

பாவு தறியிலேயே நிற்கும். ஊடு நூல்தான் இங்கும் அங்கும் ஓடும். ஓடுகிற நூல் குறுக்கே பாயாவிட்டால் பாவு வெறும் நூலாகவே கிடக்கும், துணியாகாது. நெய்கிற ஊருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் ஒடியா பேசுகிறவனையும் வங்காளம் பேசுகிறவனையும் போஜ்புரி பேசுகிறவனையும் "இந்திக்காரப் பசங்க" என்ற ஒரே சொல்லில் கட்டிவிடுகிறோம். மூன்று வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தும் பெயர் தெரியாமல் பேசுகிறோம். பந்து அவன் கையிலிருந்து நமக்கு வருகிறது, நம் கையிலிருந்து அவனுக்குப் போகிறது. அவன் யார் என்று மட்டும் கேட்பதில்லை.

ஓர் ஊரின் பெருமையை அங்கே பிறந்தவர்களை எண்ணிச் சொல்வது வழக்கம். பேராவூர் ஜிம்மி ஜார்ஜை நினைத்துப் பெருமைப்படுவது இயல்பு. அவர் அந்த மண்ணின் பிள்ளை. மோன்டிகியாரி அவரை நினைப்பதில்தான் அந்த ஊரின் உயரம் தெரிகிறது. தனக்காக வீட்டைத் தள்ளிவைத்தவனை எந்த ஊர் தன் வீட்டு ஆளாக நினைக்கிறதோ அதுவே பெரிய ஊர். அதற்கு மேல் ஓர் ஊரை அளக்க எனக்கு வேறு கோல் தெரியவில்லை.

அரங்கம் கட்டிப் பெயர் வைக்கச் சொல்லவில்லை. நாளைக் காலை கம்பெனி வாசலிலோ டீக்கடையிலோ அந்தப் பையனைப் பார்த்தால், "தம்பி, பேரு என்னங்க? எந்த ஊருங்க?" என்று கேளுங்கள். சொன்ன பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.