படகில் ஏறுமுன் ஒரு வார்த்தை



நம் சங்கரன்கோவிலுக்குக் கடலும் கிடையாது, படகு ஓடும் ஆறும் கிடையாது. கிணற்றிலும் குளத்திலும் குளித்துப் பழகியவர்கள் நாம். ஆகையால் விடுமுறை வந்ததும் தண்ணீரைத் தேடிப் புறப்படுகிறோம். சீசன் காலத்தில் குற்றாலம் ஐந்தருவிப் பக்கத்துப் படகுத்துறை, கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு, சற்றுத் தொலைவில் தேக்கடி ஏரி. உவரிக்கும் மணப்பாட்டுக்கும் திருயாத்திரை போனால் அங்கே கடல். குடும்பமாய்ச் சேர்ந்து மகிழ்வது நல்ல காரியம். அதைத் தடுக்க நாம் வரவில்லை. போனவர்கள் எல்லோரும் வீடு திரும்ப வேண்டும் என்பதே நம் கவலை.

நடந்தவைகளைக் கேளுங்கள். 2009 செப்டம்பர் 30-ம் தேதி தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ என்ற உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். 2011-ல் கிறிஸ்துமஸ் திருநாளன்றே பழவேற்காடு ஏரியில் படகேறிப் போனவர்களில் 22 பேர் மாண்டார்கள். 2017 பெப்ருவரி 26-ம் தேதி, நாம் கும்பிடப் போகிற அதே மணப்பாட்டில், மீன்பிடி படகில் ஏறிக் கடலைப் பார்க்கப் போனவர்களின் படகு கவிழ்ந்து பல உயிர்கள் போயின. 2023 மே 7-ம் தேதி மலப்புறம் மாவட்டம் தானூரில், பொழுது சாய்ந்தபின் ஓடிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகள் பலர். இந்த நான்கில் கடைசி மூன்றும் நடந்தது ஞாயிற்றுக்கிழமையில். மகிழ்ச்சியாய்ப் புறப்பட்ட நாளே துக்க நாளாயிற்று.

அவர்கள் பாவிகள், அதனால் மாண்டார்கள் என்று எவரும் நினைக்க வேண்டாம். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்ல என்று சேசுநாதர் சுவாமி தாமே கற்பித்தார். மாண்டவர்களுக்காக வேண்டிக்கொள்வோம், மீதியுள்ள நாம் புத்தி தெளிவோம்.

“சர்வேசுரன் காப்பாற்றுவார், பயமென்ன?” என்று சிலர் சொல்வார்கள். இது விசுவாசம் போலத் தோன்றும். ஆனால் தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கும்படி பசாசு ஆண்டவரைத் தூண்டியதும் இதே நியாயத்தைச் சொல்லித்தான். ஆண்டவர் குதிக்கவில்லை. சர்வேசுரனை நம்புவது வேறு, அவரைச் சோதிப்பது வேறு.

மெய்யான விசுவாசம் எப்படிப்பட்டது என்பதை அர்ச். சின்னப்பரிடம் பாருங்கள். அப்போஸ்தலர் நடபடி ஆகமம் 27-ம் அதிகாரத்தை இன்றிரவு வீட்டில் எல்லோரும் கேட்க வாசியுங்கள். சின்னப்பர் கைதியாய் உரோமாபுரிக்குக் கப்பலில் போகிறார். பருவம் தப்பிவிட்டது, இனிப் பயணம் ஆபத்து என்று அவர் எச்சரிக்கிறார். காவலுக்கு வந்த நூற்றுவர் தலைவனோ மாலுமியின் பேச்சையும் கப்பல் உடையவனின் பேச்சையும் நம்பினான். பெரும்பாலோரும் போகலாம் என்றார்கள். மெல்லிய தென்றலும் வீசிற்று. அதை நம்பிப் புறப்பட்டார்கள். சற்று நேரத்தில் புயல் பிடித்துக்கொண்டது.

பிறகு சம்மனசானவர் தோன்றி, ஒரு உயிரும் சேதமாகாது என்று வாக்குக் கொடுத்தார். வாக்குக் கிடைத்துவிட்டதே என்று சின்னப்பர் சும்மா இருந்தாரா? கப்பலைவிட்டு ஓடப் பார்த்த மாலுமிகளைத் தடுக்கச் செய்தார். சோர்ந்தவர்களைச் சாப்பிட வைத்தார். கப்பல் தரைதட்டி உடைந்தபோது நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதித்தார்கள். மற்றவர்கள் பலகைகளையும் கப்பலின் துண்டுகளையும் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். 276 பேரும் பிழைத்தார்கள். சர்வேசுரன் தம் வாக்கை நிறைவேற்றினார். பலகைகளைக் கொண்டு நிறைவேற்றினார்.

அன்றைய பலகைதான் இன்றைய லைஃப் ஜாக்கெட். படகுத்துறையில் அதைக் கொடுக்கும்போது, சட்டை கசங்குமென்றும் போட்டோவுக்கு நன்றாயிராதென்றும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் உண்டு. தண்ணீரில் விழுந்தபின் அதை மாட்ட முடியாது. கரையிலேயே அணிந்து, வார்களை இறுக்கிக் கட்ட வேண்டும். குழந்தைக்குக் குழந்தை அளவு வேண்டும். பெரியவர்களுடையதை மாட்டினால் தலைவழியே கழன்றுவிடும்.

படகு தராசைப் போன்றது. பாரம் கீழேயும் இருபுறமும் சமமாயும் இருக்குமட்டும் நேரே மிதக்கும். யானை தெரிகிறது, மான் தெரிகிறது என்று எல்லோரும் எழுந்து ஒரு பக்கம் ஓடினால் அது சாயும். சாய்ந்ததும் மற்றவர்களும் அந்தப் பக்கமே சரிவார்கள். பிறகு நிமிர நேரமிராது. ஆகையால் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழும்ப வேண்டாம். அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகிலும், பொழுது சாய்ந்தபின் புறப்படும் படகிலும், மீன்பிடிக்க வைத்திருக்கும் படகிலும், குடித்தவன் ஓட்டும் படகிலும் கால் வைக்க வேண்டாம்.

குடும்பத் தகப்பன்மாரே, இங்கேதான் தைரியம் வேண்டும். எல்லோரும் ஏறிவிட்டார்கள், சீட்டுக்குப் பணம் கட்டியாயிற்று, பிள்ளைகள் ஆசையாய் நிற்கிறார்கள். அப்போது “ஆள் அதிகம், நாங்கள் அடுத்த படகில் வருகிறோம்” என்று சொல்ல வெட்கமாயிருக்கும். பயந்தாங்கொள்ளி என்று மைத்துனன் சிரிப்பான். சின்னப்பரின் பேச்சையும் அன்று ஒருவரும் கேட்கவில்லை. ஆயினும் அவர் சொல்லாமல் இருக்கவில்லை. ஐந்தாம் கற்பனை என்ன விலக்குகிறது என்று ஞானோபதேசம் படிக்கும் உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். கொலையை மட்டுமல்ல, தன் உயிரையும் பிறர் உயிரையும் அசட்டையாய் ஆபத்துக்கு உட்படுத்துவதையும் விலக்குகிறது என்பார்கள். சீட்டுப் பணம் போனால் போகட்டும். பிள்ளையைச் சர்வேசுரன் உங்கள் கையில் ஒப்படைத்திருக்கிறார்.

மழைக்குப் பின் நம்மூர்க் குளங்களும் கிணறுகளும் நிரம்பும்போது, சிறுவர்கள் வாழைத்தண்டையும் தெர்மோகோலையும் கட்டித் தெப்பம் விடுவதையும் பார்க்காததுபோல் விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள். பெரியவர் கரையில் நிற்காமல் தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.

படகில் ஏறுமுன் சிலுவை அடையாளம் வரைந்துகொள்ளுங்கள். வரைந்த அதே கையால் லைஃப் ஜாக்கெட்டின் வாரையும் இறுக்கிக் கட்டுங்கள். சமுத்திரத்தின் நட்சத்திரமாகிய தேவமாதா நம் குடும்பங்களைக் கரையிலும் தண்ணீரிலும் காத்து, ஒருவரும் குறையாமல் வீடு கொண்டுவந்து சேர்ப்பார்களாக. ஆமென்.