ஓர் அங்குலம்

போன மாதம் சித்தப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். என் கையால் நெய்த துண்டு போடுகிறேன் என்று முன்பே வாய்விட்டிருந்தேன். விடிந்தால் விசேஷம். மாத்தூர் வீட்டின் பின்னறையில் இருக்கும் சின்னச் சட்டத்தறியில் இன்னும் அரை முழம் பாக்கி. பாவில் ஓர் இழை அறுந்து கிடந்ததை இரவு பதினொன்றுக்குத்தான் பார்த்தேன். அது இல்லாமலேயே ஓர் அங்குலம் நெய்துவிட்டிருந்தேன். ஊடையைப் பிரித்து, இழையைச் சேர்த்து, மறுபடி நெய்வதுதான் முறை. நான் முடிச்சுப் போட்டு மேற்கொண்டு நெய்துவிட்டேன்.

மறுநாள் சித்தப்பா துண்டின் நீளவாக்கில் விரலை ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. "நல்லாருக்கும்மா" என்றார். அந்த இடம் உள்ளே போகும்படி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

மணலிக்கு ஆலை வேலைக்கு வருமுன் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்கார்ந்தவர் அவர். பள்ளி விடுமுறைக்கு நான் அங்கே போவேன். தாத்தாவுக்குத் தார் சுற்றித் தருவது என் வேலை. தீபாவளி நெருங்கினால் நடுராத்திரி வரை தறிச் சத்தம் கேட்கும். அது சட்டென்று நின்றால், இழை அறுந்தது என்று பாட்டி விளக்கைத் தூக்கிக்கொண்டு போவாள். முதலாளி வீட்டு ஆள் வாசலில் நின்றாலும் தாத்தா பிரிப்பார். கூலி பிடிப்பார்கள் என்ற பயமா, கையின் பழக்கமா, அப்போது கேட்கத் தோன்றவில்லை.

தாத்தாவுக்கும் முந்தைய நெசவாளர்களை நினைத்துக்கொண்டேன். திருவொற்றியூர் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர். காலெட் பேட்டைதான் காலடிப்பேட்டை ஆயிற்று. அந்தக் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி முன்பணம் கொடுக்கும், வந்த துணியை மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிக்கும். அக்டோபரில் மழைக்காற்று திரும்புமுன் கப்பல்கள் இந்தக் கரையை விட்டாக வேண்டும். எப்போதோ படித்தது. கஞ்சி போட்ட பாவு ஈரத்தில் காயாமல் கிடக்க, கடைசி நாளில் இழையும் அறுந்தால் அங்கிருந்த நெசவாளி ஒருவன் பிரித்திருப்பானா? முடிச்சோடு அனுப்பியிருப்பான் என்று நினைக்கவே எனக்கு ஆசை. ஆனால் அவனுக்கு அது வயிற்றுப்பாடு. என் அவசரத்துக்கு அவனைச் சாட்சிக்கு இழுப்பது நியாயமில்லை.

சொன்ன நாளில் கொடுப்பதும் வாக்குதான், ஒழுங்காகக் கொடுப்பதும் வாக்குதான். ஒன்றைக் காப்பாற்ற மற்றதை விட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஓர் அங்குலத்தில் முப்பது ஊடை இருக்குமா? பிரித்து நெய்ய அரை மணி போதும். நேரம் இருந்தது. தூக்கம் வந்தது, அவ்வளவுதான்.

சித்தப்பா ஏன் அப்படி மடித்தார்? என் மானத்தை மறைக்கவா, தறியில் இருந்த கண்ணுக்கு அது பொறுக்காமலா? மடிப்பு தானாகவே அங்கே விழுந்ததோ என்னவோ. கேட்டால் தெரிந்துவிடும். கேட்கவில்லை.

நேற்று அவர் வீட்டுக் கொடியில் அந்தத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. நாலைந்து துவையல் கண்டிருக்கும். முடிச்சு அவிழவில்லை.