அம்பு எட்டும் தூரத்தில்



வேலூர் லாங் பஜாரில் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்துகொண்டிருந்தோம். தோல் தொழிலிலேயே தலை நரைத்த பெரியவர் ஒருவர் ஸலாம் சொல்லி நம்மை நிறுத்தினார். "ஹஜ்ரத்! அமெரிக்காவிலே இருக்கிற என் மகன் மரத்து மேலே பலகை கட்டி உட்கார்ந்து, வில்லால் மான் அடிக்கிறானாம். அந்தக் கறி ஹலாலா?" என்று கேட்டார். உடன் நின்ற பேரன், "ஹலால் என்றால் நம்ம ஜவ்வாது மலையிலேயே அடிக்கலாமே!" என்று சிரித்தான்.

இரண்டுக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மான் உண்ண ஆகுமான பிராணி. வேட்டையும் மார்க்கத்தில் ஆகுமானதே. ஹழ்ரத் ஹம்ஸா (ரலி) அவர்கள் வேட்டை முடித்து, கையில் வில்லோடு மக்காவுக்குத் திரும்பிய நாளில்தான் அண்ணலாரை அபூஜஹ்ல் ஏசிய செய்தியைக் கேட்டார்கள். அந்த வில்லாலேயே அவனை அடித்துவிட்டு இஸ்லாத்தை வெளிப்படுத்தினார்கள்.

ஆனால் வேட்டைக்குச் சட்டம் உண்டு. அம்பை விடும்போது அல்லாஹ்வின் திருப்பெயரைச் சொல்ல வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் இது கட்டாயம், மறந்தால் மன்னிப்புண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத். அம்பின் கூர்முனை துளைத்தே பிராணி சாக வேண்டும். குறுக்கே பட்டு, அடியின் வேகத்தால் செத்தால் உண்ணலாகாது என்று அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். தண்ணீரில் விழுந்து செத்துக் கிடந்தாலும் விலக்கினார்கள். அம்பு கொன்றதா, தண்ணீர் கொன்றதா என்பது தெரியாதல்லவா? உயிரோடு கையில் கிடைத்தால் முறைப்படி அறுத்தாக வேண்டும்.

அந்நாட்டு வெள்ளைவால் மானுக்கு மோப்பமும் செவியும் மிகக் கூர்மை. ஆகவே வேடர்கள் பதினைந்து, இருபது அடி உயரத்தில் மணிக்கணக்காக அசையாமல் அமர்ந்து, மான் இருபது முப்பது கஜத்துக்குள் வந்த பிறகே எய்வார்கள். உடனே துரத்தினால் நெடுந்தூரம் ஓடிவிடும் என்று சற்றுப் பொறுத்து, இரத்தத் தடம் பார்த்துத் தேடுவார்கள். அந்தப் பொறுமை, தேடுவதையே கைவிடும் அலட்சியமாக மாறிவிடக் கூடாது. உண்ணும் நோக்கமின்றி, உயிருள்ளதை வெறும் இலக்காக்கி எய்வதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு மாநிலமும் வேட்டைக்குப் பருவமும் அனுமதிச் சீட்டும் எண்ணிக்கையும் வகுத்திருக்கிறது. இவற்றையெல்லாம் பேணி எய்திருந்தால் அக்கறி ஹலால்.

இனிப் பேரனின் கேள்விக்கு வருவோம்.

ஹுதைபிய்யா ஆண்டில், அதாவது ஹிஜ்ரி 6இல், ஸஹாபாக்கள் இஹ்ராமில் இருந்தபோது வேட்டைப் பிராணிகள் அவர்களுடைய கூடாரங்களின் அருகிலேயே வந்து நடமாடின. கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டையைக் கொண்டுவந்து, மறைவில் தன்னை அஞ்சுவோர் யார் என அறிய அல்லாஹ் சோதிப்பதாக மாயிதா சூராவின் 94ஆம் ஆயத்து கூறுகிறது. எட்டாத மானை விட்டுவிடுவதில் தக்வா என்ன இருக்கிறது, சகோதரர்களே? எட்டிய மானை விடுவதல்லவா தக்வா!

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் புள்ளிமானையும் கடமானையும் வெளிமானையும் வேட்டையாடுவதைத் தடுக்கிறது. அக்கறியை வாங்குவதும் விற்பதும் குற்றமே. இந்நாட்டின் குடிமக்களாய் வாழ நாம் உடன்பட்டிருக்கிறோம். அதே மாயிதா சூராவின் முதல் ஆயத்து, ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி ஏவிவிட்டுத்தான் வேட்டையின் விலக்கைப் பேசுகிறது. ஆகவே, பிஸ்மில்லாஹ் சொல்லி எய்துவிட்டோம் என்பது திருட்டு வேட்டைக்குச் சமாதானம் ஆகாது. கோடையில் தாகத்துக்காக மலையிறங்கி வரும் மானுக்குத் தண்ணீர் வைப்பவனுக்கே நன்மை உண்டு.

இந்தச் சோதனை காட்டோடு முடிவதில்லை. கணக்குத் தெரியாத கிழவி நீட்டும் நோட்டு, யாரும் பாராத தராசு, கூலி கேட்கத் தயங்கும் தொழிலாளி — லாங் பஜாரிலும் அம்பு எட்டும் தூரத்தில் எத்தனையோ மான்கள் வந்து நிற்கின்றன! எய்யாமல் இருக்கிறோமா?

இதைச் சொன்னதும் பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அறுக்கிறவன் கத்தி பட்ட இடம், தோலை எவ்வளவு பதனிட்டாலும் தெரியும் ஹஜ்ரத்" என்றார். அவர் அறிந்து சொன்னாரோ, அறியாமல் சொன்னாரோ, மறுமையில் மனிதனின் தோலே அவனுக்கெதிராகச் சாட்சி சொல்லும் என்று திருக்குர்ஆன் எச்சரித்திருப்பது நம் நினைவுக்கு வந்தது.

மரத்தின் மேல் தனித்திருக்கும்போதும், கடையில் தனித்திருக்கும்போதும் தன்னை அஞ்சி வாழும் பாக்கியத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.