முன்பே இருப்பவர்கள்

அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் நாய்க்கும் பூனைக்கும் நடுவே ஓர் எல்லை இருந்தது. கம்பும் சோளமும் குதிரில் கிடந்தன. பருத்திக்கொட்டை மூட்டை அறை மூலையில் சாய்ந்திருந்தது. தானியம் இருந்தால் எலி வரும், எலியைத் தேடிப் பூனை வரும். அதனால் அடுப்படி வரை போய்வரும் உரிமை பூனைக்கு உண்டு. நாய் ஆட்டுக்கிடைக்கும் காட்டுக்கும் காவல். வீட்டில் அதற்கு வாசல்தான். இரண்டும் ஒரே வீட்டுச் சோற்றைத் தின்று, நிலைப்படியை நடுவில் வைத்துக்கொண்டு காலம் தள்ளின. அவை ஒன்றையொன்று நேசித்ததாக நான் நினைக்கவில்லை. நேசித்தாக வேண்டிய நெருக்கடி அங்கே இல்லை.

இப்போது குதிர் போய்விட்டது, திண்ணையும் போய்விட்டது. வாசலை ஒட்டியே ரோடு. இரண்டு அறையும் ஒரு ஹாலும் உள்ள சிமெண்டு வீட்டுக்குள் நாயும் வந்து படுக்கிறது. எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது, திருச்சுழிப் பக்கம் ஆடு வளர்க்கும் சித்தப்பாவிடமிருந்து, வளர்ந்த ஒரு கன்னி இன நாய். எங்கள் வீட்டில் ஏற்கெனவே பூனைகள் இருந்தன. கயிற்றை என் கையில் கொடுக்கும்போது சித்தப்பா சொன்னார்: “மனுசரைக் கடிக்காதுய்யா. ஆனா ஓடுறதைக் கண்டா நிக்காது. பூனையைப் பாத்துக்கோ.”

அவர் சொன்னதில் ஓர் இனத்தின் வரலாறே இருக்கிறது. கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் வேட்டையாடும் நாய்கள். மோப்பம் பிடித்துப் போவதைவிட, தூரத்தில் அசைவதைப் பார்த்து ஒரே பாய்ச்சலாகப் போகும் உடம்பு. ஒடுங்கிய வயிறு, ஆழ்ந்த நெஞ்சு, நீண்ட கால். சிப்பிப்பாறை எங்கள் விருதுநகர் மாவட்டத்து ஊர்தான். மறைவே இல்லாத கரிசல் வெளியில் முயலை விரட்டத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை இன்று குற்றம். அது நியாயம். ஆனால் ஓடுவதைக் கண்டதும் பாயும் இயல்பு அந்த நாய்களிடம் அப்படியேதான் இருக்கிறது. பயந்து ஓடும் பூனை, அந்தக் கண்ணுக்கு முயல்.

பூனைகளுக்கும் வரலாறு உண்டு. எங்கள் வீட்டுப் பூனைகள் தெருவில் பிறந்தவை. நாயைக் கண்டதும் ஓடத் தெரிந்ததால்தான் உயிரோடு எங்கள் வீடு வந்து சேர்ந்தன. நாய்க்குட்டிக்குப் பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டாவது வாரம் வரையும், பூனைக்குட்டிக்கு இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரையும் பிற உயிர்களோடு பழகுவது எளிது என்கிறார்கள் விலங்கு நடத்தையை ஆராய்ந்தவர்கள். அந்தப் பருவத்தில் சேர்ந்து வளர்ந்தால் நாயும் பூனையும் ஒட்டிக்கொள்வது நடக்கும். எங்கள் வீட்டில் இரு தரப்புக்கும் அந்த வயது எப்போதோ கடந்துவிட்டது. பூனையின் பயம் அது பட்டுத் தெரிந்துகொண்ட அறிவு. ஒரு வாரத்தில் அதை விட்டுவிடு என்று கேட்க நமக்கு என்ன உரிமை?

எனவே நாயை ஓர் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினோம். நாய் படுத்த துணியைப் பூனைகள் இருக்கும் இடத்திலும், பூனை படுத்த துணியை நாயிடமும் போட்டோம். கண்ணில் படுவதற்கு முன்பே வாசனை பழகிவிட வேண்டும். பிறகு சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. அதற்குப் பிறகுதான் கயிற்றோடு ஹாலுக்கு. நாய் குரைத்தால் நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. சத்தமே இல்லாமல், உடம்பு விறைத்து, பூனையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றால்தான் பயம். அந்தப் பார்வை தொடங்கியதுமே பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திருப்ப வேண்டும். திரும்பிப் பார்த்ததும் ஒரு துண்டு கறி. பாய்ந்த பிறகு கூப்பிட்டுப் பலன் இல்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி இரு தரப்புக்கும் போட்டோம். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

பீரோவின் மேல்தட்டிலிருந்த சாமான்களை அம்மா இறக்கிவிட்டுப் பழைய சேலையை மடித்துப் போட்டார். பூனையின் சோறும் மணல் தட்டும் நாய்க்கு எட்டாத இடத்துக்குப் போயின. இந்த ஏற்பாடுகளில் எல்லாவற்றையும்விட முக்கியமானது அந்த மேல்தட்டுதான் என்று இப்போது தோன்றுகிறது. உயரத்தில் ஓர் இடமும் அங்கே போக ஒரு வழியும் இருந்தால் பூனை ஓட வேண்டியதில்லை. பூனை ஓடாவிட்டால் நாய் விரட்டும் சந்தர்ப்பமும் குறைகிறது.

வருகிறவர்களெல்லாம் கேட்கும் கேள்வி ஒன்று: “ரெண்டும் சேந்து படுத்துக்குதா?” போனில் எல்லோரும் பார்த்த படம் அது. அந்த ஆசை நம்முடையது. நாய்க்கு நம்மோடு ஓர் உடன்பாடு இருக்கிறது, பூனைக்கு நம்மோடு வேறோர் உடன்பாடு. நாய் வேட்டை வழியாக மனிதனிடம் வந்தது என்பார்கள். பூனை தானியத்தின் வழியாக வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் மனிதனுக்கு அருகில் புதைக்கப்பட்ட ஒரு பூனையின் எலும்புகளைப் பற்றி 2004-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நாயோடு நமக்குள்ள உறவு அதைவிடவும் பழையது. இவ்வளவு காலத்தில் அவை இரண்டும் தமக்குள் எதையும் பேசி முடித்துக்கொள்ளவில்லை. ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து வைத்தவர்கள் நாம். “போகப் போகச் சரியாயிடும்” என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் விட்டுக்கொடுப்பது முன்பே அங்கே இருந்த, பலம் குறைந்த உயிர்தான். புது மருமகள் வந்த வீட்டிலும் அன்பாக இருங்கள் என்று எல்லோருக்கும் புத்தி சொல்வார்கள்; தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையை யாரும் யோசிக்கமாட்டார்கள்.

எங்கள் நாய் வந்த பக்கத்திலுள்ள திருச்சுழி, ரமண மகரிஷி 1879-இல் பிறந்த ஊர். பிறகு அவர் வாழ்ந்த திருவண்ணாமலையில் நாய், குரங்கு, அணில், பசு என்று எத்தனையோ உயிர்கள் அவரைச் சுற்றி இருந்தன. சாப்பாட்டு வேளையில் முதலில் நாய்களுக்கு, அடுத்து யாசகர்களுக்கு, கடைசியில்தான் பக்தர்களுக்கு என்பது அவரது ஆசிரமத்து வழக்கமாக இருந்தது. ஜாக்கி என்ற நாய்க்கும் லட்சுமி என்ற பசுவுக்கும் அங்கே சமாதிகள் உண்டு. ஆர்தர் ஆஸ்போர்ன் எழுதிய ரமணரின் வரலாற்றில் வரும் ஒரு சம்பவத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அங்குள்ள மலையில் அவர் இருந்த காலத்தில் ஒரு மயில் அவரையே சுற்றிக்கொண்டிருந்தது. ஒருநாள் பெரிய கரும்பாம்பு ஒன்று வந்தது. மயில் பாய, பாம்பு படமெடுத்தது. ரமணர் பாம்பின் பக்கத்தில் போய், இங்கே எதற்கு வந்தாய், மயில் உன்னைக் கொன்றுவிடும், போய்விடு என்ற பொருளில் சொல்ல, அது படத்தைச் சுருக்கிக்கொண்டு போய்விட்டது.

எல்லா உயிரும் ஒன்று என்று கண்டவர் அவர். அவரும் மயிலையும் பாம்பையும் சிநேகமாக்க முயலவில்லை. மயில் மயில்தான் என்பதை ஏற்றுக்கொண்டு, பாம்புக்குப் போக வழி சொன்னார். கருணை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

எங்கள் கன்னி இப்போது கயிறு இல்லாமல் ஹாலில் படுக்கிறது. பூனைகள் சுவரோரமாக நடந்து போகின்றன. சிலசமயம் நாய் தலையைக்கூடத் தூக்குவதில்லை. ஆனாலும் நாங்கள் எல்லோரும் வெளியே கிளம்பும் நாளில் நாயை அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுத்தான் போகிறோம். சாத்த வேண்டாத நாள் வராமலே போகலாம். வராவிட்டால் குறையென்று நாங்கள் நினைக்கப் போவதில்லை, சாத்திக்கொண்டே இருப்போம்.