கேட்காமல் கொடுப்பதும் கேட்காமல் எடுப்பதும்

2019 ஜூலை 5 அன்று பட்ஜெட் வாசித்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், புறநானூற்றிலிருந்து பிசிராந்தையாரின் பாட்டு ஒன்றை அவையில் எடுத்துச் சொன்னார். யானை தானே வயலில் புகுந்தால் தின்பதைவிட மிதித்து அழிப்பது அதிகம் என்று, வரி வாங்கும் அளவைப் பற்றிப் பாண்டிய மன்னனுக்குப் புலவர் உணர்த்திய பாட்டு. தமிழ்நாட்டில் பலருக்கும் அது மகிழ்ச்சி தந்தது. அதே உரையில்தான் பெட்ரோல், டீசல் மீது லிட்டருக்கு 2 ரூபாய் வரி கூடியது. பாட்டு நினைவில் நின்ற அளவுக்கு அந்த 2 ரூபாய் நிற்கவில்லை.

பொருளாதாரம் அப்போது தளர்ந்திருந்தது, விழுந்திருக்கவில்லை. விழுந்தது அடுத்த ஆண்டு. 2020 மார்ச் 23 அன்று நிதி மசோதா மக்களவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. அதில் சேர்ந்த ஒரு திருத்தம், பெட்ரோல், டீசல் மீதான சிறப்புக் கூடுதல் கலால் வரியின் உச்ச வரம்பை லிட்டருக்கு 8 ரூபாய் உயர்த்தியது. அன்றே அவை ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்தது. மே 5 இரவு, ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரி ஏறியது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் டீசல் மீது லிட்டருக்கு 15 ரூபாய் 83 காசாக இருந்த மத்திய வரி, இடையில் ஏறியதையும் சேர்த்து 31 ரூபாய் 83 காசானது. அந்தக் காலாண்டில் நாட்டின் உற்பத்தி ஏறக்குறைய 24 சதவீதம் சுருங்கியதாகப் பிறகு கணக்கு வந்தது.

அரசின் பக்க நியாயத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. கச்சா எண்ணெய் விலை அப்போது அதலபாதாளத்தில் இருந்தது. வரி ஏறிய இரவில் பங்க்கில் விலை ஏறவில்லை. 80 கோடிப் பேருக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. வருமான வரியும் ஜிஎஸ்டியும் வறண்டபோது, அரசு கைவைக்கக்கூடிய ஊற்று எரிபொருள் ஒன்றுதான். 2019-20ல் ஏறக்குறைய 2.2 லட்சம் கோடியாக இருந்த பெட்ரோலியக் கலால் வருவாய், அடுத்த ஆண்டு 3.7 லட்சம் கோடியானது. ஊரே முடங்கிய ஆண்டில் இவ்வளவு பணம் வேறு எந்த வழியில் வந்திருக்கும்?

கஷ்டகாலத்தில் வரியே கூடாது என்பவர்கள் இலங்கையை ஒருமுறை பார்க்கலாம். 2019 இறுதியில் அங்கே பெறுமதி சேர் வரியை 15லிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். மக்கள் கைதட்டினார்கள். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அந்த ஆண்டு பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. 2023 ஜனவரியில், இன்னும் எழுந்து நிற்காத நாட்டில், மாதம் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் ஈட்டுவோருக்கெல்லாம் 36 சதவீதம் வரை படிப்படியாக ஏறும் வருமான வரி வந்தது. டாக்டர்கள், பல்கலைக்கழக ஆசிரியர்கள், வங்கி, துறைமுக ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தக் கோபம் நியாயமா என்பதில் இரண்டு கருத்து இருக்கலாம். ஆனால் யார்மேல் எவ்வளவு வரி என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சம்பளச் சீட்டிலேயே அது அச்சாகி வந்தது.

டீசல் வரி எந்தச் சீட்டிலும் வராது. அது எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று அறிய அந்தமானைவிட நல்ல இடம் இந்தியாவில் இல்லை. சென்னையில் கப்பலேறும் வெங்காய மூட்டை மூன்று நாள் கடலில் வந்து போர்ட் பிளேயரின் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஹாடோ துறைமுகத்தில் இறங்குகிறது. அங்கிருந்து லாரியில் அந்தமான் டிரங்க் ரோடு வழியாக வடக்கே ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் என்று 300 கிலோமீட்டர் போகிறது. நடுவே கடல்கழி குறுக்கிட்டால் லாரியே படகில் ஏறுகிறது. லாரியும் படகும் ஓடுவது டீசலில். வெங்காயம் விற்கும் கடையில் எரியும் பல்பும் பெரும்பாலும் டீசல்தான், ஏனென்றால் தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் ஜெனரேட்டரில் உற்பத்தியாகிறது. ஜங்லிகாட்டில் விடியற்காலையில் மீன் இறக்கும் என்ஜின் படகும் அப்படியே. மெயின்லேண்டில் டீசல் வாகன எரிபொருள். தீவில் அதில்லாமல் அடுப்படிவரை எதுவும் வந்து சேராது.

வேடிக்கை என்னவென்றால், மின்நிலையத்தில் எரியும் டீசலுக்கு வரி கட்டுவது தீவு நிர்வாகம். அந்த நிர்வாகத்துக்குப் படியளப்பது மத்திய அரசு. ஆகவே அரசு இங்கே தன்னிடமே வரி வாங்கிக்கொள்கிறது. பாரம் உண்மையில் இறங்குவது அரசின் கணக்கில் வராத இடங்களில்: தனியார் லாரி, சுற்றுலாப் படகு, மீனவர் படகு.

இனி சங்கடமான கேள்விக்கு வரலாம். 2011 கணக்கெடுப்பின்படி 3.8 லட்சம் பேர் வாழும் இந்தத் தீவுகளுக்கு மத்திய பட்ஜெட் 2020 வாக்கில் ஒதுக்கியது ஆண்டுக்கு ஏறக்குறைய 5,000 கோடி ரூபாய். தலைக்குக் கணக்குப் போட்டால் 1 லட்சத்துக்கு மேல். தீவுகள் திருப்பித் தருவது அதில் சிறு பகுதிதான். ஐலேண்டர் கார்டு இருந்தால் கப்பல் கட்டணம் குறைவு. மின்சாரம் உற்பத்திச் செலவைவிட மலிவு. இவ்வளவு வாங்கிக்கொள்பவர்கள் வரி கூடியது என்று முணுமுணுக்கலாமா?

கேட்பதற்கு வலுவான வாதம்தான். ஆனால் அதற்குள் ஒரு கணக்குத் தப்பு இருக்கிறது. 3.8 லட்சம் பேரை ஒரே ஆள்போல அது பாவிக்கிறது. அந்த 5,000 கோடியில் பெரும்பங்கு சம்பளம், ஓய்வூதியம், கப்பல், மின்சாரம், கட்டுமானம் என்று போகிறது. 2020ல் அரசு ஊழியருக்கு அகவிலைப்படி உயர்வு ஒன்றரை ஆண்டு நிறுத்திவைக்கப்பட்டது, சரி, சம்பளம் நிற்கவில்லை. ஆண்டுக்கு 5 லட்சம் பயணிகளை நம்பியிருந்த தீவுகளில் அந்த மார்ச்சில் பயணிகள் வரத்து ஒரேயடியாக நின்றது. ஹேவ்லாக்கில் லாட்ஜ் அறை துடைத்தவருக்கும், படகோட்டிக்கும், டாக்ஸிக்காரருக்கும் வருமானம் பூஜ்யமானது. மந்தம் வந்தது இவர்களுக்கு. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தவருக்கு அது செய்தி. இரண்டு பேரும் ஒரே கடையில் ஒரே விலைக்குத்தான் வெங்காயம் வாங்கினார்கள். மந்தத்தில் வரி போடுவது பாவமில்லை. மந்தம் யாரைத் தொடவில்லை என்று பார்க்காமல் போடுவதுதான் குறை. பார்ப்பதற்கு வழியும் இருந்தது: 2019 செப்டம்பரில் நிறுவன வரியை 30லிருந்து 22 சதவீதமாகக் குறைத்து, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடியை விட்டுக்கொடுத்தது இதே அரசு. அதில் ஒரு பங்கையாவது மே மாதத்தில் திரும்பக் கேட்டிருக்கலாம்.

யாரிடம் கேட்டார்கள் என்பது அடுத்தது. டெல்லிக்கும் புதுச்சேரிக்கும் சட்டமன்றம் உண்டு, ஜிஎஸ்டி கவுன்சிலில் நாற்காலியும் உண்டு. அந்தமானுக்கு இரண்டும் இல்லை. ஒரே ஒரு எம்.பி.; அவரும் 1967 வரை குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்டவர். (அந்த ஆண்டு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கே.ஆர். கணேஷ் பின்னாளில் மத்திய நிதித்துறை இணையமைச்சரானார். வருமான வரியின் உச்ச விகிதம் 97.75 சதவீதமாக இருந்த காலம் அது. தீவு வரிக் கொள்கைக்கு மிக அருகில் போனது அந்தச் சில ஆண்டுகளில்தான்.) 2020 மார்ச் 23 அன்று அந்த ஒற்றை எம்.பி.க்கும் பேச வாய்ப்பில்லை, மற்ற எம்.பி.க்களுக்கும் இல்லை. வரி விஷயத்தில் அன்று ஒருநாள் நாடு முழுவதும் அந்தமானாக இருந்தது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு, அதுவும் இந்தத் தீவோடு தொட்டுக்கொண்டது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் இரண்டு காரியம் செய்தார்கள். 1858 மார்ச்சில் 200 கைதிகளைப் போர்ட் பிளேயரில் இறக்கினார்கள். கிளர்ச்சியை அடக்கிய கடனை அடைக்க 1860ல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவின் முதல் வருமான வரியைக் கொண்டுவந்தார். அதை எதிர்த்தவர் சென்னை மாகாண கவர்னர் சார்லஸ் டிரெவெலியன். புது வரி வேண்டாம், ராணுவச் செலவைக் குறையுங்கள் என்றார். தன் ஆட்சேபணையைப் பத்திரிகையில் வெளிவரவும் விட்டார். லண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அயர்லாந்துப் பஞ்சத்தில் கைவிரித்ததற்காக இன்றும் ஏசப்படும் மனிதர்தான் அவர். ஆனால் இந்த விஷயத்தில் வரி கொடுப்பவர் காதுபடப் பேசினார்.

கோபப்படுபவர்களையும் கொஞ்சம் எடை போட வேண்டும். வரி ஏறிய மே மாதத்தில் அமைதியாக இருந்தவர்கள் 2021ல் பெட்ரோல் 100 ரூபாயைத் தொட்டபோது கொதித்தார்கள். அந்தத் தீபாவளிக்கு முன்னிரவு பெட்ரோலில் 5, டீசலில் 10 ரூபாய் குறைந்ததும் அடங்கினார்கள். அப்போதும் வரி 2020 தொடக்கத்தில் இருந்ததைவிட அதிகம். பழைய அளவுக்கு அருகில் அது இறங்கியது 2022 மே மாதத்தில். எடுத்ததில் ஒரு பகுதியை மட்டும் திருப்பிக் கொடுத்ததை அரசின் பரிசாக வாங்கிக்கொண்டால், அடுத்த மே 5க்கு அதுவே அழைப்பு. விலையைப் பார்த்து மட்டும் கோபப்படுகிறவர்கள், வரம்பை உயர்த்திய மார்ச் 23ஐ மறந்துவிடுவது அரசுக்கு மிகவும் சௌகரியம்.

தீவில் பெட்ரோல் மீதான உள்ளூர் வாட் வரி நாட்டிலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று. மெயின்லேண்டிலிருந்து போகிறவர்கள் பங்க்கில் விலைப் பலகையைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். அதையும் தீவு மக்கள் வாக்களித்துக் குறைக்கவில்லை; நிர்வாகத்தின் ஓர் அறிவிக்கையில் குறைந்தது. இன்னொரு அறிவிக்கையில் அது கூடினால் ஜில்லா பரிஷத்தில் பேசலாம், நகராட்சியில் பேசலாம். அந்த விகிதத்தை மாற்றும் அதிகாரம் இரண்டுக்கும் இல்லை.